மேற்படி நீர்

சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தவரை அந்தத் தண்ணீரை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதை ஜல்லியிலும் மணலிலும் வடிகட்டி, தெளியவைத்து, ஒரு சிமெண்டுத் தொட்டியில் நிறுத்திய பிறகுதான் அது யாருக்குச் சேர வேண்டும் என்ற கவலை ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்துக்கொண்டது.

தொட்டி உறையூருக்கு மேற்கே, வீடுகள் தீர்ந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில், உய்யக்கொண்டான் வாய்க்காலை அடைத்துத் தூர் வாரிக்கொண்டிருந்த சமயம் கட்டி முடித்தார்கள். கட்டிய எஞ்சினியர் திறப்பு விழாவில், "இந்தத் தண்ணியக் குடிக்க வேண்டாம். மத்த எல்லாத்துக்கும் ஆகும்" என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இப்படிச் சுருக்கமாகப் பேசுகிற மனிதரை வைத்துக்கொண்டு ஓர் ஊர் என்ன செய்ய முடியும்? சீக்கிரமே அவருக்கு மாற்றல் வந்தது. மற்ற எல்லாம் என்றால் என்னென்ன, அவற்றில் எது முந்தி, எது பிந்தி என்று முடிவு செய்ய மேலிடம் ஒரு முன்னுரிமைக் குழுவை அமைத்தது. குழு முடிவு செய்யும்வரை ஒரு சொட்டும் வெளியே போய்விடாமல் காவல் இருக்க ஓர் ஆளையும் போட்டது. அந்த ஆள்தான் அடைக்கலராஜ்.

அடைக்கலராஜுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. பெண் ஜீயபுரம், பெயர் லூர்துராணி. மாமனார் அற்புதசாமி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். மனிதர்களை அவர் பெர்மனெண்ட், டெம்பரவரி என்று இரண்டே ஜாதியாகப் பிரித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை இரண்டாவது ஜாதி என்பதும், தொட்டியருகே ஒரு தகரக் கொட்டகையில்தான் தங்க வேண்டும் என்பதும் தெரிந்தவுடன், தென்னூர் வாடகை அறையில் குடித்தனம் தொடங்கியிருந்த மகளைப் பெட்டியும் கையுமாகக் கிளப்பிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. இன்னிக்கு இருக்கிற வேலை நாளைக்கு இருக்குமான்னு உங்களுக்கே தெரியாது. பெர்மனெண்ட் ஆகட்டும். அன்னிக்கே நான் வண்டி கட்டிக் கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்" என்றார்.

லூர்துராணி அப்பாவை எதிர்த்துப் பேசவில்லை. பஸ் கிளம்பும்போது மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சீக்கிரம் ஆயிடுங்க" என்றாள். காய்ச்சலில் படுத்திருப்பவனிடம் சொல்வதுபோல இருந்தது. அடைக்கலராஜும் ஜுரக்காரனைப்போலவே தலையை ஆட்டினான்.

குழுவின் செயலாளர் சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர். யாருக்கும் கெட்ட செய்தி சொல்ல அவருக்கு மனசு வராது. "முன்னுரிமை முடிவானதும் உன் போஸ்ட்டும் நிரந்தரமாயிரும். மொதக் கூட்டத்திலேயே முடிஞ்சிரும்னு வச்சுக்கயேன்" என்றார். அடைக்கலராஜும் அப்படியே வைத்துக்கொண்டான்.

முதல் கூட்டம் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் நடந்தது. உறுப்பினர்களுக்குச் சந்தனம், கற்கண்டு, பன்னீர் தெளிப்பு எல்லாம் முறையாக நடந்தன. எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தத் தண்ணீர் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். ஆகவே அடைக்கலராஜ் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய எடுத்துக்கொண்டு நடந்தே வந்தான். ஜாடி உள்ளே வந்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள். அதில் ஒரு வாடையும் இல்லை. இருந்தாலும் ஜாடி வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வைக்கப்பட்டது, அடைக்கலராஜ் அதன் பக்கத்தில் நிறுத்தப்பட்டான். நீர் ஆஜராகியிருப்பதாக சுடலைமுத்து எழுதிக்கொண்டார்.

தலைவர் பாக்கியநாதன், கட்சிக்காரர்கள் வருவது நின்றுபோனதால் ஓய்ந்துவிட்ட வக்கீல். தண்ணீருக்கு ஒரு பெயர் வேண்டாமா என்று அவர்தான் ஆரம்பித்தார். கழிவுநீர் என்று கௌரவமான ஒரு குழு எப்படிச் சொல்ல முடியும்? உறையூரில் சாயப்பட்டறை வைத்திருந்த அழகிரி 'மீள்நீர்' என்றார். ஸ்ரீரங்கத்தின் பிரதிநிதி தேசிகாச்சாரி 'புனர்ஜலம்' என்றார். சோடா கம்பெனி அப்துல் சுக்கூர், இங்கிலீஷிலேயே இருந்துவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் வராது என்றார். மனஸ்தாபம் அதிலும் வந்தது. பெயர் முடிவாகும்வரை நடவடிக்கைக் குறிப்பில் 'மேற்படி நீர்' என்று எழுதிக்கொள்ளச் சொல்லி அன்றைய கூட்டத்தைத் தலைவர் முடித்தார். பெயர் கடைசிவரை முடிவாகவில்லை. மேற்படி நீர் மேற்படி நீராகவே இருந்துவிட்டது.

"மொதக் கூட்டத்துல பேரு, ரெண்டாவதுல வேலைன்னு வச்சுக்கயேன்" என்றார் சுடலைமுத்து.

இரண்டாவது கூட்டத்தில் தலைவர் பேசினார். வாசலில் நின்ற அடைக்கலராஜுக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"அன்பர்களே! முன்னுரிமை என்பது லேசான வார்த்தை இல்லை. ஒருவருக்கு முன்னுரிமை கொடுத்தால் மற்ற அத்தனை பேரும் பின்னால் போய்விடுவார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் நம்மைச் சும்மா விடுமா? நான் யோசித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னுரிமை கொடுப்போம், யாருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டாம். இதைவிட நியாயமான ஏற்பாடு என் மனச்சாட்சிக்குத் தென்படவில்லை."

கைதட்டினார்கள். ஆனால் வரிசை என்று ஒன்று எழுதித்தானே ஆக வேண்டும்? முதலில் யார் என்று கேட்டபோது தேசிகாச்சாரி எழுந்தார்.

"அடியேனுக்கு ஒண்ணு தோண்றது. இந்த ஜலம் எங்களுக்கு வேண்டாம். காவேரிப் பாலத்தைத் தாண்டி ஒரு சொட்டு வரப்படாது. ஆனா முதல் மரியாதைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? முதல்ல எங்ககிட்ட கொண்டுவரணும். நாங்க வேண்டாம்னு சொல்லணும். அதுக்கப்புறம் யாருக்கு வேணும்னாலும் கொடுத்துக்கோங்கோ."

"அப்ப நாங்கன்னா அவ்வளவு எளப்பமா?" என்று அழகிரி மேல்துண்டை உதறினார். "எங்க பட்டறைக்கும்தான் வேண்டாம். நீங்க வேண்டாம்னு தள்ளினதை எங்ககிட்ட கொண்டாந்து நீட்டுவாங்களா? எங்ககிட்ட மொதல்ல கேக்கட்டும், நாங்க மொதல்ல வேண்டாங்கறோம்."

அப்துல் சுக்கூர் அமைதியாகத்தான் பேசினார். "நம்ம சோடா பாட்டில் கழுவக்கூட இந்தத் தண்ணி வேணாம்ங்க. அல்லா அந்த நிலைமையக் கொண்டுவரல. ஆனா நம்மளையும் ஒரு மனுசனா மதிச்சு மொதல்ல ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா கவுரதையா இருக்கும்."

இப்படியாக, அந்தத் தண்ணீரை முதலில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் குழுவின் வேலையாயிற்று. ஐம்பத்தெட்டு முழுக்க அதைப் பேசினார்கள். கோயில் விழாக்களில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டினார்கள் என்பதற்குப் பழைய சாட்சிகளைத் தேடினார்கள். பூங்காவுக்கு விடலாமே, ரோட்டில் புழுதி அடங்கத் தெளிக்கலாமே என்று ஒருமுறை சுடலைமுத்து வாயைத் திறந்தார். பூங்காவும் ரோடும் குழுவில் உறுப்பினர்கள் அல்ல என்று தலைவர் அவரை உட்காரவைத்தார்.

அடைக்கலராஜ் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஜாடியோடு வந்து, ஜாடியோடு திரும்பினான். வழியில் அவன் பஸ்ஸில் ஏற முடியாது. ஜாடியில் இருப்பது என்ன என்று கண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. உறையூர் காப்பிக் கடையில் அவனுக்கு என்று ஒரு தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். விடியற்காலையில் காவிரியில் முங்கிக் குளித்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவான். அவன் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஜெபத்தைப் பாதியில் விடாமலேயே ஒவ்வொருவராக நகர்ந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். யாரும் அவனைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால்கூட ஒருத்தரோடு பேசிய மாதிரி இருந்திருக்கும்.

தொட்டிக்குத் திரும்பினால் பேச்சுக்கு ஆளே கிடையாது. வேலியைச் சுற்றி ஒரு நடை, கொட்டகையில் ஒரு சோறாக்கல், மறுபடி ஒரு நடை. தொட்டித் தண்ணீரை அவனும் தொடக் கூடாது. காவலாளியும் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறாதவன்தானே? கழுத்து வரைக்கும் தண்ணீர் நிற்கும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வாய்க்கால்வரை போவான். சாயங்காலம் ஈரோட்டுப் பாசஞ்சர் வயலுக்கு அப்பால் போகும். அது இன்னும் சற்று நேரத்தில் ஜீயபுரத்தில் நிற்கும், அற்புதசாமி கொடியோடு வெளியே வருவார், வீட்டுக்குள்ளே லூர்துவுக்கு அந்தச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொள்வான். நாளடைவில் தண்ணீரோடு பேச ஆரம்பித்தான். "இன்னிக்கும் முடியல" என்பான். அது நன்றாகக் கேட்டுக்கொண்டது.

ஐம்பத்தொன்பதில் குழு எதுவும் செய்யவில்லை என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேற்படி நீரைத் தானே அருந்திக் காட்டுவதாக அறிவித்து, பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். தலைவருக்கு மாலை, உறுப்பினர்களுக்கு மாலை, தொட்டிக்கும் ஒரு மாலை. அடைக்கலராஜுக்கு மாலை கிடையாது. ஜாடியை ஏந்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும் வேலை கிடைத்தது. தலைவர் தம்ளரை உயர்த்தி, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்தார். குடித்தவுடன் ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். தம்ளரில் இருந்தது அப்துல் சுக்கூர் கம்பெனி சோடா என்பதை ஏப்பத்தைக் கேட்டவர்கள் ஊகித்திருக்கலாம். பத்திரிகையில் ஏப்பம் வராது, படம்தானே வரும்.

படத்தில் தலைவர் முழுசாக இருந்தார். ஓரத்தில் ஒரு ஜாடியும், அதைப் பிடித்திருந்த கையின் முழங்கைவரைக்கும் ஒரு சட்டையும் இருந்தன. அந்தச் சட்டையில் முழங்கைக்குக் கீழே ஓர் ஒட்டுத் தையல். ஜீயபுரத்தில் பொட்டுக்கடலை கட்டி வந்த காகிதத்தில் லூர்துராணி அதைப் பார்த்தாள். தையல் அவள் போட்டது. தென்னூர் அறையில் இருந்த சில நாட்களில் அவனுக்காக அவள் செய்த ஒரே வேலை அதுதான். மறுநாள் அப்பா ஸ்டேஷனுக்குப் போன பிறகு தூக்குவாளியில் குழம்புச் சோற்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வயல் வரப்பில் அவள் வருவதை அடைக்கலராஜ் தூரத்திலேயே பார்த்துவிட்டான். பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல், ஏற்கெனவே பூட்டியிருந்த கேட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகுதான் ஓடிப்போய்த் திறந்தான்.

"எளச்சுப் போயிட்டீங்க" என்றாள் அவள்.

"நீ எப்படி வந்தே? மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விட்டிருவாங்களா? சாப்பிடுங்க மொதல்ல."

பூவரச நிழலில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவில் நடப்பதையெல்லாம் அவன் கதைகதையாகச் சொன்னான். அவள் சிரித்தாள். மனிதர் ஒருவர் சிரித்து அவன் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! பேச்சு தீராதபோதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வரப்புச் சேறு அவள் காலில் காய்ந்து அப்பியிருந்தது. தொட்டி ஓரத்தில் குந்தி, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டு, தேய்த்துக் கழுவினாள்.

"நல்லா சில்லுனு இருக்குங்க. இதையா எல்லாரும் வேண்டாங்கறாங்க?"

அந்த நேரம் பார்த்துத்தானா சுடலைமுத்து சைக்கிளில் வந்து இறங்க வேண்டும்? அவர் கெட்ட செய்தி சொல்லாத மனிதர்தான். ஆனால் எழுதாமல் இருக்க அவரால் முடியாது. கழுவிய கால் எத்தனை என்பதுவரை எழுதிக்கொண்டார்.

குழு அவசரமாகக் கூடியது. கூடியவர்களில் யாரும் கற்கண்டைத் தொடவில்லை. அடைக்கலராஜை முதன்முறையாக வாசலிலிருந்து உள்ளே அழைத்தார்கள்.

"நம்முடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்" என்று தலைவர் நெற்றியைத் துடைத்தார். "சட்டத்தில் அனுபோக பாத்தியதை என்று ஒன்று உண்டு. முதலில் அனுபவித்தவருக்கே உரிமை. இத்தனை வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வைத்திருந்த முன்னுரிமையை ஒரு பெண் இரண்டு பாதத்தால் தட்டிக்கொண்டு போய்விட்டாள்! நாளைக்கு அவள் கோர்ட்டுக்குப் போனால் நாம் எங்கே போவது?"

"அது கிடக்கட்டும். ஜலத்திலே கால் பட்டுடுத்தே!" என்றார் தேசிகாச்சாரி. "இனிமே அதை முதல் மரியாதைன்னு எங்ககிட்ட எப்படிக் கொண்டுவருவேள்? கால் பட்ட ஜலத்தை வேண்டாம்னு சொல்றதிலே எங்களுக்கு என்ன கௌரவம்?"

அடைக்கலராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "ஐயா, அது முந்தி சாக்கடைங்க" என்றான் மெதுவாக.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேசிகாச்சாரிதான் பொறுமையாக விளக்கினார். "எங்கேர்ந்து வந்ததுங்கறது வேற விஷயம்ப்பா. தெளிஞ்சதுக்கப்புறம் அது சுத்தம். சுத்தத்திலே காலை வச்சா அசுத்தம். சாக்கடையா இருந்தப்போ வச்சிருந்தா யார் கேக்கப்போறா?" இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அடைக்கலராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தலைவர் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். வெகுகாலமாக அவருக்கு ஒரு சாட்சி கிடைக்காமல் இருந்தது.

"அந்தப் பெண் உனக்கு என்ன உறவு?"

"சம்சாரங்க."

"உன்னோடு வசிக்கிறாளா?"

"இல்லீங்க."

"ஏன் வசிக்கவில்லை?"

"நான் பெர்மனெண்ட் இல்லீங்க."

"ஏன் நீ பெர்மனெண்ட் இல்லை?"

அடைக்கலராஜ் சுடலைமுத்துவைப் பார்த்தான். சுடலைமுத்து எழுந்து, "குழு இன்னும் முடிவு செய்யவில்லை, தலைவர் அவர்களே" என்றார்.

"குழு ஏன் இன்னும் முடிவு செய்யவில்லை?" என்று தலைவர் அதே வேகத்தில் கேட்டார். கேட்ட பிறகுதான் யாரைக் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. காப்பிக்காகக் கூட்டம் கலைந்தது.

காப்பிக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு தெளிவு வந்திருந்தது. கால் பட்ட நீரைத் தொட்டியிலிருந்து வெளியேற்றிவிட வேண்டும், அதோடு அந்தப் பெண்ணின் பாத்தியதையும் போய்விடும் என்றார் அழகிரி. எங்கே வெளியேற்றுவது? பட்டறைப் பக்கம் விடக் கூடாது, சோடா கம்பெனிப் பக்கம் விடக் கூடாது. அப்போது தேசிகாச்சாரி கண்களை மூடிக்கொண்டு சொன்னார்: "காவேரியிலே விட்டுடுங்கோ. அவள்ல கலந்துட்டா எல்லாம் அவள்தான். எந்த தோஷமும் நிக்காது."

அறையே சிலிர்த்துப்போயிற்று. ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. காவிரிக்கு முதலிடம் கொடுத்தால் யாருக்கு என்ன குறைச்சல்? அவளுக்குப் பின்னால் நிற்பது ஸ்ரீரங்கத்துக்கும் பெருமை, உறையூருக்கும் பெருமை. தவிரவும், இந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லாதவள் அவள் ஒருத்திதான். மேற்படி நீரின் முதல் முன்னுரிமை காவிரி அன்னைக்கே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இன்று மட்டும் அல்ல, என்றென்றைக்கும் தொட்டி நிறைய நிறைய ஆற்றுக்கே போய்ச் சேர வேண்டும்.

தொட்டி கட்டுவதற்கு முன்னால் அந்தச் சாக்கடை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். குழுவில் யாரும் கேட்கவில்லை. பழைய ஓடையிலேயே புதுக் குழாயைப் பதித்தார்கள். வேலை சுலபமாக முடிந்ததற்குத் தலைவரைப் பாராட்டினார்கள்.

அறுபதாம் வருஷம் தை மாதம் சுடலைமுத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு தொட்டிக்கு வந்தார். முகமெல்லாம் பல். "நான் சொல்லல? ஆயிட்டுடே, பெர்மனெண்ட்! ஜீயபுரத்துக்கும் ஸ்டேஷன்காரங்க மூலமா சொல்லி அனுப்பிட்டேன்" என்று உத்தரவை எடுத்து வாசித்தார்.

"மேற்படி நீர் மேற்படி ஆற்றை அடையும்வரை இடையில் எவரும் எடுத்துவிடாதபடி மேற்படி தொட்டிக்கு நிரந்தரக் காவல் அவசியமாவதால், மேற்படி அடைக்கலராஜ் நிரந்தரமாக்கப்படுகிறார். மேற்படி காவலர் உத்தரவின்றி எல்லைக்கல்லைத் தாண்டலாகாது. பாத்தியதை கோர இடமளிக்கும் என்பதால், மேற்படி லூர்துராணி மேற்படி தொட்டியின் வேலிக்குள் எக்காலத்திலும் பிரவேசிக்கலாகாது."

அடைக்கலராஜுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை.

"அவ உள்ள வரக் கூடாது. நான் வெளியே போகக் கூடாது. அப்ப நாங்க எங்கங்க குடித்தனம் பண்றது?"

சுடலைமுத்துவின் முகம் சுருங்கியது. இது கெட்ட செய்தி என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "அது குழுவோட பார்வைக்கு வரலியே" என்றார். "அடுத்த கூட்டத்துல வச்சிரலாம்னு வச்சுக்கயேன்" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே மாட்டுவண்டி வந்தது. அற்புதசாமி சொன்ன சொல் தவறாதவர். டிரங்குப் பெட்டி, மெத்தை, பித்தளை அண்டா, குடம், கண்ணாடி போட்ட மாதா படம் எல்லாம் கயிறு கட்டி ஏற்றியிருந்தன. அண்டாவுக்கும் மெத்தைக்கும் நடுவில் லூர்துராணி கல்யாணப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். சேறு படாதபடி புடவைக் கரையைச் சற்றே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"மாப்ளே! பெர்மனெண்ட் மாப்ளே!" என்று அற்புதசாமி வண்டி நிற்பதற்குள் குதித்தார். "எனக்குத் தெரியும்ங்க. நம்ம பரம்பரையில டெம்பரவரியா யாரும் செத்ததில்ல. கேட்டைத் திறங்க, சாமானை எறக்குவோம்."

அடைக்கலராஜ் கேட்டுக்கு உட்புறம் நின்றான். உத்தரவை ஒப்பித்தான். அவனுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. அற்புதசாமி காதில் கையை வைத்துக் கேட்டார். 'நிரந்தர' என்று வந்த இடங்களில் தலையை ஆட்டினார். கடைசி வரி வந்ததும் யோசித்தார். ரயில்வேக்காரர், உத்தரவு என்றால் என்ன என்று தெரிந்தவர்.

"அப்ப ரூல் அப்படி இருக்கு" என்றார். "ரூலை மீறி உள்ள விட்டீங்கன்னா வேலை போயிடும். பெர்மனெண்ட் வேலைங்க! அதைக் கைநழுவ விடலாமா? பாப்பா இத்தனை நாள் இருந்தா, இன்னும் கொஞ்சம் இருந்துக்குவா. பென்ஷன் வர்ற உத்தியோகம் மாப்ளே, பென்ஷன்!"

லூர்துராணி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அப்பாவுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"நீங்க பெர்மனெண்ட்டா இருங்க. நான் டெம்பரவரியா ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போறேன். பூட்டைத் திறங்க."

சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அவன் கை அங்கே போனது. அவன் மனசு முழுக்க அவள் உள்ளே வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. தகரக் கொட்டகையில் மாதா படத்தை எங்கே மாட்டுவது என்றுகூட நினைத்தாயிற்று. ஆனால் இத்தனை வருஷம் வாசலில் ஜாடியோடு நின்று அவன் காதில் விழுந்த பேச்சு சும்மா போய்விடுமா? வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது.

"அடுத்த கூட்டத்துல உன் விஷயத்தை வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க லூர்து. ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திறக்கட்டுமா?"

லூர்துராணி கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். "பட்டியல்ல என்னை எத்தனாவதா எழுதுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய் வண்டியில் ஏறி, அண்டாவுக்கும் மெத்தைக்கும் நடுவில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான்.

'உள்ள வா லூர்து' என்று சொல்லியிருக்கலாம் என்பது அடைக்கலராஜுக்கு வண்டி வரப்பு முனையைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. உடனே அழுகை வந்தது. பூட்டைத் திறந்தான். கேட்டை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல், "லூர்து! லூர்து!" என்று கத்திக்கொண்டு ஓடினான். எல்லைக்கல் வந்தது. நின்றுவிட்டான். வயலில் ஓர் ஆள் இல்லை, பார்க்கவும் தடுக்கவும் யாருமில்லை. ஒரு காலைத் தூக்கினான், மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

சத்தம் கேட்டு வண்டியின் பின்புறத்திலிருந்து அற்புதசாமி திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை எல்லைக்கல்லிலேயே நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அங்கேயே நில்லுங்க மாப்ளே! தாண்டிடாதீங்க!" என்று கையை உயர்த்தி ஆட்டினார். "கேட்டு திறந்து கிடக்கு பாருங்க, போய்ச் சாத்துங்க! வேலைதான் முக்கியம்!"

லூர்துராணி திரும்பிப் பார்க்கவில்லை.